அமுலு வீட்டுக் கழுதை ஆட்டம்

ஒரு ஊர்ல ஒரு சீட்டுக்கட்டு இருந்துச்சாம். என்னடா பரணி சிரிப்பு? ராஜா, ராணி எல்லாரும் அதுக்குள்ளதானே இருக்காங்க! அத்தை கதை சொல்லும்போது நடுவுல பேசினா நிறுத்திடுவேன். ம் மட்டும் கொட்டு.

ம்.

அந்தச் சீட்டுக்கட்டு அமுலுன்னு ஒரு பொண்ணு வீட்ல இருந்துச்சு. அமுலுவுக்கு அம்மா இல்ல, காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா. அப்பா லாரி ஓட்டப் போயிடுவாரு. வீட்ல ஒரு தாத்தா, அவருக்குச் சுத்தமா காது கேக்காது. அப்புறம் அந்த அப்பா ரேணுகான்னு ஒருத்தியைக் கட்டிக்கிட்டு வந்தாரு. அமுலுவுக்கு அவ சித்தி. ஆனா இவ அவளை சித்தின்னு கூப்பிடவே மாட்டா. அவளும் இவளை ஒரு வார்த்தை அதட்ட மாட்டா. "அமுலும்மா, சாப்பிடுறீங்களா?"ன்னு விருந்தாளியைக் கேக்குற மாதிரி கேப்பா. சொந்த வீட்ல எதுக்கு இவ்ளோ மரியாதை?

அமுலுவுக்கு மனசுக்குள்ள ஒரே பயம். அம்மா போன மாதிரி இவளும் ஒருநாள் போயிட்டா? பழகின அப்புறம் போனா தாங்க முடியாதே! போறவ இப்பவே போகட்டும்னு நெனைச்சுது அந்தக் கிறுக்கு. சீட்டுக்கட்டைத் தூக்கிட்டு வந்துச்சு.

"கழுதை ஆட்டம் ஆடலாம். மூணு ஆட்டம். மூணுலயும் நீங்களே கழுதை ஆனா, உங்க ஊருக்குப் போயிடணும்."

கொழந்தைக்கே பிடிக்காத வீட்ல நாம எப்படி இருக்கறதுன்னு நெனைச்சா ரேணுகா, பாவம். "எனக்கு ஆடத் தெரியாதே"ன்னா.

"ரொம்பச் சுலபம். ஒருத்தர் ஆட்டின் போட்டா எல்லாரும் ஆட்டின்தான் போடணும். பெரிய சீட்டு போட்டவங்க அடுத்து எறங்கணும். கையில ஆட்டினே இல்லைன்னா வேற எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டிட்டா, பெரிய சீட்டு போட்டவங்க கீழ கெடக்குறது எல்லாத்தையும் அள்ளிக்கணும். கடைசியில யார் கையில சீட்டு நிக்குதோ அவங்கதான் கழுதை. காள் காள்னு கத்தணும்."

"சரி"ன்னா ரேணுகா. சரின்னு சொன்னாளே தவிர, திருதிருன்னுதான் முழிச்சா. கேட்டியா?

ம்.

அப்புறம் தாத்தாவையும் கூட்டு சேர்த்துக்கிட்டாங்க. என்ன பந்தயம்னு அவருக்கு எங்க கேட்டுச்சு? சீட்டைப் பார்த்ததும் சப்பணம் போட்டு உக்காந்துட்டாரு. சரசர, சரசரன்னு கலைச்சுப் போட்டாங்க.

மொத ஆட்டம். ரேணுகா என்ன பண்ணினா தெரியுமா? ஆசு, ராஜா, ராணின்னு பெரிய சீட்டை எல்லாம் நகையைப் பூட்டி வெக்கிற மாதிரி பத்திரமா வெச்சுக்கிட்டா. ரெண்டு, மூணுன்னு பொடிசை எல்லாம் போட்டுத் தீர்த்துட்டா. அப்புறம் வேற வழியில்லாம ஆட்டின் ஆசு சீட்டைக் கீழ வெச்சா. தாத்தா கையில ஆட்டின் தீர்ந்துபோச்சு. விடுவாரா கெழவரு? பட்! "வெட்டு!" ராஜாவை வெச்சா. பட்! "வெட்டு!" கை நெறைய சீட்டோட ரேணுகா கழுதை ஆனா. "காள்... காள்..."

ரெண்டாவது ஆட்டம். இந்தத் தடவை பெரிய சீட்டை மொதல்லயே தள்ளி விட்டா. புத்திசாலிதான். ஆனா அவசரம் விடணுமே! ரெண்டு சீட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தது தெரியாம, இஸ்பேட் இல்லைன்னு நெனைச்சு வெட்டிட்டா. அப்புறம் பார்த்தா பின்னாலயே இஸ்பேட் ஜாக்கி நிக்குறான்! கையில வெச்சுக்கிட்டே வெட்டினா அத்தனையும் நீதான்டா அள்ளணும். தாத்தா சும்மா இருப்பாரா? "கள்ள ஆட்டம், கள்ள ஆட்டம்"னு தரையைத் தட்டினாரு. மறுபடியும் ரேணுகாதான் கழுதை.

கத்தி முடிச்சுட்டு எழுந்து அடுப்பாங்கரைக்குப் போனா. சோத்தை வடிச்சா. அமுலுவுக்குப் பிடிச்ச கத்திரிக்கா கொழம்பைக் கிண்ணத்துல ஊத்தி மூடினா. திரும்பி வந்து, "ராத்திரிக்கும் கொழம்பு இருக்கும்மா. நான் இல்லைன்னா சூடு பண்ணி ஊத்திக்கங்க"ன்னா.

அப்போதான்டா அமுலுவுக்குத் திக்குனு ஆச்சு. ஐயய்யோ, இவ நெஜமாவே போயிடுவா போலிருக்கே!

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாவது ஆட்டம். சரசர, சரசர. அமுலுவுக்கு நெஞ்சு திக் திக், திக் திக். தோத்துடணும்னு பார்க்குறா, சீட்டு நல்லதா வந்து தொலைக்குது. ரேணுகாவும் விடல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, பார்த்துப் பார்த்துப் போடுறா. தாத்தா கையைக் காலி பண்ணிட்டு ஒதுங்கிட்டாரு. ரெண்டே பேரு. ஆளுக்கு ஒரே ஒரு சீட்டு.

ரேணுகாதான் எறங்கணும். டைமன் ஏழைக் கீழ வெச்சா. அமுலு கையில கிளாவர் ரெண்டாம் நம்பர் சீட்டு. கட்டுலயே அதான்டா பொடிசு! ஆனா அதைப் போட்டாலும் வெட்டு. வெட்டினா சித்தி ரெண்டையும் எடுக்கணும். கழுதை ஆகிடுவா. போயிடுவா. தோக்கணும்னு நெனைச்சாலும் தோக்க வழி இல்ல. வேற சீட்டு ஏது?

"போடுங்கம்மா"ன்னா ரேணுகா. கண்ணுல தண்ணி நிக்குது. "என்னவா இருந்தாலும் போடுங்க."

"போடு, போடு!"ன்னு தாத்தா கத்துறாரு.

அமுலு சீட்டைப் பார்த்தா. சித்தியைப் பார்த்தா. லபக்! சீட்டை வாயில போட்டுக்கிட்டா. கருக் மொருக்குனு மெல்லுறா, கண்ணுல தாரை தாரையா ஊத்துது.

"அடச்சீ, துப்புடி! துப்பு! எத்தனை பேர் கைப்பட்ட சீட்டு! அறிவிருக்காடி உனக்கு?"ன்னு பாஞ்சு வந்தா ரேணுகா. தாடையைப் பிடிச்சா, வாய்க்குள்ள வெரலை விட்டா, முதுகுல பொளேர்னு ஒண்ணு வெச்சா. கிளாவர் ரெண்டு கூழாகி வெளியில வந்துச்சு.

தாத்தா எட்டிப் பார்த்தாரு. "காகிதத்தைத் தின்னுச்சு பாரு, இதான் அசல் கழுதை!"ன்னாரு.

அமுலு ஓன்னு அழுதா. "சித்தி, நீ உங்க ஊருக்குப் போயிடுவியா?"

"நான் எங்கடி போறது? இந்தக் கழுதையை அப்புறம் யாரு மேய்ப்பா?"ன்னு ரேணுகா அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டா. அடிச்ச எடத்தை அவளே தேய்ச்சு விட்டா.

அவ்வளவுதான்டா. சீட்டையும் கட்டியாச்சு, கதையையும் கட்டியாச்சு. கண்ணை மூடு பரணி.