ஒரு மூடிக்கு ஒரு குழி

பொன்னி காலனியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் எல்லாருடையதும் புத்தம் புதுசாக அப்படியே இருந்தது.

அங்கே சாக்கடைக் குழாய் ரொம்பப் பழசு. அதை மாற்ற வந்த இன்ஜினியர், ரெஜினா வீட்டு வாசலில் இருந்த சாக்கடைக் குழிக்கு முதலில் புது இரும்பு மூடி போட்டார். "இரும்புத் திருடன் சுத்துறான். மூடி பத்திரம். குழாயோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலனிச் சங்கத் தலைவர் தண்டபாணி கமிட்டியைக் கூட்டினார். தெருவில் கிடந்தால் அது பத்திரமா? நாலு பேராக மூடியைத் தூக்கிவந்து சங்க அறையில் வைத்து, வாட்ச்மேனையும் காவல் போட்டார்கள். குழிக்குக் காவல் இல்லை. குழியை எவன் திருடுவான்?

ரெஜினாவின் மகன் ஆல்வினுக்கு இப்போதுதான் நடை வந்திருந்தது. பள்ளத்தைத் தேடிப்போய் எட்டிப் பார்க்கிற வயசு. ஒரு செருப்பு ஏற்கெனவே உள்ளே போயாச்சு. பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமலே சங்க அறைக்கு ஓடினாள்.

"சார், குழி தொறந்து கெடக்கு. புள்ள விழுந்துரும். மூடுங்க சார்."

"மூடி வேணுமேம்மா" என்றார் தண்டபாணி.

"உங்க பின்னாலதான இருக்கு?"

"பத்திரமா இருக்கு. வெளிய எடுத்தா பத்திரம் போயிருமே."

செயலாளர் நமச்சிவாயம் வெகுநேரம் யோசித்தார். "மூடியக் குழிகிட்ட கொண்டுபோனாத்தான திருடு போகும்? குழிய மூடிகிட்ட கொண்டுவந்துட்டா?"

"குழியத் தூக்க முடியுமாய்யா?"

"எதுக்குத் தூக்கணும்? இங்கயே ஒண்ணு வெட்டிக்குவோம்."

வெட்டினார்கள். கடைசிக் கடப்பாரைக் குத்தில் அடியில் ஏதோ படாரென்று உடைந்தது. குழி நல்ல ஆழம் என்று மகிழ்ந்தார்கள். மூடி கச்சிதமாகப் பொருந்தியது. ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"மூடியாச்சும்மா. புள்ளய எறக்கி விடு."

"சார், என் வாசல்ல இருக்குற குழி?"

"ஒரு மூடிக்கு ஒரு குழிதாம்மா. பேராசைப்படாத."

வெட்டின மண் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. எங்கே கொட்டுவது? தெருவில் ஒரு குழி சும்மா கிடப்பது நமச்சிவாயத்துக்கு ஞாபகம் வந்தது. பொழுது சாய்வதற்குள் ரெஜினாவின் வாசல் சமதரை ஆகிவிட்டது. அவள் வாயே திறக்கவில்லை. பேசினால் மறுபடி யோசிப்பார்களே என்ற பயம். மெல்லப் பிள்ளையை இறக்கி விட்டாள்.

மறுநாள் காலை காலனியே குளித்தது. வாசலில் வழி அடைபட்ட தண்ணீர், சங்க அறைக்கடியில் உடைந்த குழாய் வழியாக ஏறி, மூடியை உள்ளிருந்து முட்டியது. மூடி கடகடவென்று ஆடியது.

"அய்யா," என்றார் வாட்ச்மேன், "திருடன் கீழருந்து வர்றான்."

இன்ஜினியர் குழாய் லாரியோடு வந்தார். ரெஜினா ஆல்வினின் கையைப் பிடித்தபடி அவரைச் சங்க அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே கணுக்கால் உயரத்துக்குச் சாக்கடை. நடுவில் மூடியின்மேல் கமிட்டி மொத்தமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "மூடி பத்திரம் சார். திருடன்தான் பாவம், குளிச்சுப் பல நாளாகியிருக்கும்போல."