எந்த நாளை எடுப்பது?

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றுக்கரை நாட்டை அதிரவீரன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவனுடைய அரசி மங்கைநாச்சி இருபத்தேழு வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். பாவம், பத்து நாள் அவன் வாயே திறக்கவில்லை. பதினோராம் நாள் திறந்தான், கட்டளைதான் வந்தது.

"பதினாறாம் நாள், அவள் வாழ்ந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அகல் ஏற்ற வேண்டும். எல்லா வரிசையிலும் விளக்குகள் சமமாக நிற்க வேண்டும். ஒரு விளக்கு மிஞ்சினாலும் அடுக்கியவன் தலை மிஞ்சாது!"

அமைச்சர் அறவாழி நாட்களை எண்ணினார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. குயவர் சடையன் தன் ஆட்களோடு அத்தனை அகலும் வனைந்து, அரண்மனை முற்றத்தில் அடுக்கினார். மூன்று வரிசை வைத்தால் ஒன்று மிஞ்சியது. ஐந்து வைத்தால் மூன்று மிஞ்சியது. ஏழு வைத்தால் ஐந்து.

"ஐயா, எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள்" என்றார் சடையன். அறவாழி கரிக்கட்டியை எடுத்துச் சுவரெல்லாம் வகுத்துப் பார்த்தார். இரண்டு முதல் தொண்ணூற்றொன்பது வரை எதிலும் மிச்சமில்லாமல் போகவில்லை. நூறு வரிசையோ அதற்கு மேலோ வைத்தால் வரிசைக்கு நூறு விளக்குகூட வராது. அதைத் திருப்பிப் போட்டால் முன்பு பார்த்த கணக்கேதான். எவருக்கும் பங்கு போகாத எண் அது என்று அவருக்குப் புரிந்தது.

பதினாறாம் நாள் காலை அரசன் முற்றத்துக்கு வந்தான். அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அதிகாரி மல்லப்பர் முந்திக்கொண்டார்.

"அரசே, இதெல்லாம் ஒரு கணக்கா? ஒரு விளக்கை எடுத்துவிட்டால் முப்பத்தாறு வரிசை, வரிசைக்கு இருநூற்று எழுபத்தேழு. அமைச்சருக்கு இதுகூடத் தெரியவில்லை!"

"எடுக்கலாம்" என்றார் அறவாழி. "எந்த நாளை எடுப்பது, அரசே?"

"ஏதாவது ஒரு சாதாரண நாளை எடுங்கள்" என்றார் மல்லப்பர்.

அரசன் ஓர் அகலைக் கையில் எடுத்தான். "ஒரு சாதாரண நாளில்தான் அவள் எனக்குப் பனங்கிழங்கு உரித்துக் கொடுத்தாள். வேறு விசேஷம் எதுவுமில்லை. அதையா எடுக்கச் சொல்கிறீர்?"

"இந்த எண் இரண்டே எண்களுக்குத்தான் இணங்கும், அரசே" என்றார் அறவாழி. "ஒன்றுக்கும், தனக்கும். ஒரே வரிசையாக வைத்தால் ஒரு விளக்கும் மிஞ்சாது."

"முற்றத்தில் இடம் ஏது?"

"அரசியார் முற்றத்துக்குள்ளா வாழ்ந்தார்? வாசலிலிருந்து அவரை எரித்த ஆற்றங்கரை வரை வழி கிடக்கிறதே."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டான்; அமைச்சரைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு மல்லப்பரிடம் திரும்பி, "சாதாரண நாட்களுக்கெல்லாம் நீரே குனிந்து எண்ணெய் ஊற்றும்" என்றான்.

அந்தி சாய்ந்ததும் அகல்கள் எரிந்தன. அரசன் வாசலிலிருந்து நடந்தான். பனங்கிழங்கு உரித்த நாள் எந்த விளக்கு என்று அவனுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு விளக்கின் முன்னும் நின்று நின்று போனான்.