நண்டு ஏன் நேராக நடப்பதில்லை

அந்தக் காலத்தில், பறவைகளும் பூச்சிகளும் பேசிக்கொண்டு ஒன்றாகப் பயிர் செய்த நாளில், நண்டு எல்லோரையும் போல நேராகத்தான் நடந்தது. ஏரி மதகைத் திறந்து மூடும் பொறுப்பு அதனுடையது. வாய்க்கால் கடைசியில் இருக்கும் கடைமடை வயல் நனைந்த பிறகுதான், ஏரியை ஒட்டிய தலைமடைக்குத் தண்ணீர் என்பது அங்கே கட்டுப்பாடு. விளைந்ததை எல்லாம் களத்தில் ஒரே குவியலாகக் கொட்டி, நண்டுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்துவிட்டு, மீதியை அவரவர் வயல் விளைச்சலுக்கு ஏற்பப் பிரிப்பார்கள். குவியல் பெரிதானால் நண்டின் பங்கும் பெரிது.

ஓர் ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. குவியல் சிறுத்தது, நண்டின் பங்கும் தேய்ந்தது. வயிறு நிறைய முட்டையோடு பெண் நண்டு பட்டினி கிடந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நண்டு கரையில் வந்து உட்கார்ந்திருந்தபோது, தலைமடைக்காரக் கொக்கு ஒரு கெண்டை மீனோடு வந்தது.

"மதகைத் தொட வேண்டாம்பா. என் வயல் பக்கமா கரையில சின்னதா ஒரு துளை போடு, போதும். உன் பொஞ்சாதி பசியாறட்டும்."

நண்டு வெகுநேரம் மீனையே பார்த்தது. பிறகு கொடுக்கை உயர்த்திக் கரையைத் துளைத்தது.

அந்தப் போகம் கொக்கின் வயல் பச்சைப்பசேல் என்று நின்றது. கடைமடையில் காடையின் பயிர் கருகியது. குவியல் இன்னும் சிறுத்தது. பங்கு குறையக் குறைய நண்டுக்கு மீன் தேவைப்பட்டது. மீன் வாங்க வாங்கத் துளை கூடியது. துளை கூடக் கூட விளைச்சல் விழுந்தது. எதனால் எது வந்தது என்பது நண்டுக்கே மறந்துபோனது. இன்றைக்கு அதைத் திட்டுவது சுலபம். அன்றைக்கு ஒருவரும் திட்டவில்லை, அவரவர் மீனோடு வரிசையில் நின்றார்கள்.

கடைசியில் காடையும் வந்தது. "அண்ணே, எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இது விதை நெல்லு. இதை வச்சுக்கிட்டு ஒரு தடவை தண்ணி விடுங்க. குஞ்சுங்க தவிக்குதுங்க."

நண்டுக்கு மனசு கூசியது. இருந்தாலும் நெல்லை வாங்கிக்கொண்டு, காடைக்காகவும் ஒரு துளை போட்டது. சல்லடையாகிப் போன கரை அதைத் தாங்கவில்லை. ஏரி உடைத்துக்கொண்டு பாய்ந்தது. வயல், களம், கடைமடை வரப்போரம் இருந்த காடையின் கூடு, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

வெள்ளம் வடிந்த சேற்றில் காடை தனியாக வந்து நண்டின் எதிரே நின்றது.

"தண்ணி வந்துச்சு அண்ணே," என்றது.

நண்டால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, தான் போட்ட துளை ஒன்றுக்குள்ளேயே போய் ஒளிந்தது.

அன்று முதல்தான் எதிரில் யார் வந்தாலும் நண்டு பக்கவாட்டில் நழுவிப் போகிறது. ஆனால் பசித்தாலும் பசிக்காவிட்டாலும், வரப்பைக் கண்டால் துளைப்பதை மட்டும் அது இன்னும் விடவில்லை.