நாடாப்புழுவின் மேல்தோல்

பரஞ்சோதி நெடுங்காலம் அரசு கால்நடை மருத்துவராக இருந்தவர். தலை நரைத்தபின் ஆராய்ச்சி செய்யும் ஆசை வந்தது. தன்னைவிட வயதில் சிறியவரான பேராசிரியர் தில்லைநாயகியிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆட்டுக்குடலில் வாழும் நாடாப்புழுவின் மேல்தோல்தான் ஆய்வுப் பொருள்.

உடன் ஆய்வு செய்த ரெபேக்காள் புழுக்களை அறுபடாமல் எடுத்தாள். சுருங்காமல் உலர்த்தினாள். தங்கம் பூசி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுத்தாள். பரஞ்சோதி அந்தப் படங்களைப் பார்த்துக் கட்டுரை எழுதினார்.

கட்டுரையைத் தட்டச்சு செய்தவர்கள், மூத்தவர் என்று அவர் பெயரை முதலில் போட்டார்கள். ரெபேக்காளுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி. பரஞ்சோதி பார்த்தார். மனசுக்கு இதமாக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அதைப் பார்த்த ரெபேக்காள் வேறு ஆய்வகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

பரஞ்சோதி பேராசிரியரிடம் வந்தார்.

"என் மேல் என்ன தப்பு மேடம்? என் பெயரைப் போடுங்கள் என்று யாரிடமும் நான் கேட்கவில்லையே."

தில்லைநாயகி, ரெபேக்காள் எடுத்த படம் ஒன்றைக் கணினித் திரையில் திறந்தார்.

"இதற்கு வாய் எங்கே டாக்டர்?"

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்தது. "நாடாப்புழுவுக்கு ஏது மேடம் வாய்? குடலும் கிடையாது."

"தலையில் குழிகுழியாகத் தெரிகிறதே?"

"அது குடல் சுவரைப் பற்றிக்கொள்ள மட்டும்."

"அப்புறம் எப்படி இத்தனை நீளம் வளர்ந்தது?"

"மேல்தோலால் உறிஞ்சிக்கொள்ளும்."

தில்லைநாயகி படத்தைப் பெரிதாக்கினார். வழுவழுப்பாகத் தெரிந்த தோல் கம்பளி மாதிரி ஆனது. இன்னும் பெரிதாக்கினார். நுனி கூரான நுண்மயிர்கள், உடம்பெங்கும், ஊசி முனைக்கும் இடமில்லாமல்.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்தான் பரஞ்சோதி. இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது வாழ்ந்த ஆட்டை நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

"எலும்பும் தோலுமாக. தீனியில் ஒரு குறையும் வைக்கவில்லையே என்று அதை வளர்த்த அம்மா அழுதார்கள்."

பரஞ்சோதியின் பார்வை மேசை மேலிருந்த கட்டுரையில், முதலில் நின்ற தன் பெயருக்குப் போனது.

"நான் என்ன செய்யட்டும் மேடம்?"

தில்லைநாயகி திரையை அணைத்தார்.

"ரெபேக்காள் கீழேதான் இருக்கிறாள். சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்."