கோடையிலும் தண்ணீர் நிற்கும் ஏரி

“பதவிய விட்டுடலாம்னு இருக்கேம்மா” என்றார் ஏகாம்பரம், மிக மெதுவாக.

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க” என்றார் அம்மை.

ஏகாம்பரம் மூன்று முறை ஜெயித்த எம்.எல்.ஏ. வயது அறுபது. மலையடியில் மடம் நடத்தும் அம்மைக்கு நாற்பதுகூட இருக்காது. புத்தி கூர்மை, காதுதான் மந்தம் என்று ஊரில் பேச்சு. செவிட்டம்மை என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரியும்.

அம்மை உட்கார்ந்திருந்தது சமையற்கட்டு முற்றத்தில். சுற்றிலும் அன்னதானத்துக்குக் காய் நறுக்க வந்த இருபது பேர்.

“தனியாப் பேசலாமாம்மா?”

“எங்க போனாலும் இதே காதுதானே அய்யா. கத்துங்க.”

மைக் இல்லாமலே மூன்று தெருவுக்கு முழங்குகிற மனிதர். அன்று இருபது பேர் முன்னால் கத்தக் கூச்சப்பட்டார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

“ஏரிகளைக் காப்பாத்த ஒரு சட்டம் வருது! அதை அலசிப் பாக்குற குழுவுக்கு நான்தான் தலைவர்! திங்கக்கிழமை சபையில வைக்கணும்!”

“வைங்க.”

“எப்படிம்மா வைக்கிறது? தினம் ஒருத்தர் வீட்டுக்கு வர்றாங்க. காதோரமா வந்து, இந்த வார்த்தையச் சேருங்க, அந்த வரிய எடுங்கங்கிறாங்க. சத்தியமா ஒரு பைசா வாங்கல. காதை மட்டும்தான் கொடுத்தேன். கேக்குறப்ப எல்லாமே நியாயமாத்தான் படுது. இப்ப அது யாரோட சட்டம்னே எனக்குத் தெரியல. கையெழுத்துப் போடக் கை வரல.”

“வந்தவங்க என்ன சொன்னாங்க? அதச் சொல்லுங்க.”

“செங்கல் சூளைக்காரங்க, ஏரி மண்ணு எடுக்குறத நிறுத்த ஆறு மாசம் தவணை கேட்டாங்க!”

யாரும் பெரிதாகத் தலை நிமிரவில்லை. “கேக்கட்டுமே. அவங்களும் பொழைக்கணும்ல” என்றார் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்.

“அப்புறம்?”

“அப்புறம் வீட்டுமனை விக்கிற கம்பெனிக்காரர் ஒருத்தர்...” குரல் தானாக இறங்கியது.

“கேக்கல.”

“சட்டத்துல ஏரின்னு வர்ற எடத்துல...”

“கேக்கலைய்யா.”

காது மந்தமானவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

“ஏரின்னு வெறுமனே போடாம, கோடையிலயும் தண்ணி நிக்கிற ஏரின்னு போடச் சொன்னார்!” என்று கத்தினார். “போட்டுட்டேன்!”

அரிவாள்மனைகள் நின்றன.

பூசணிக்காய் நறுக்கிய பெண்தான் முதலில் சிரித்தாள். “சித்திரையில எங்க ஊரு ஏரியில புள்ளைங்க கிரிக்கெட் ஆடுதுங்க. அப்ப அது ஏரி இல்லியா அய்யா?”

“எங்க ஊருலயும் அப்படித்தான்” என்றார் வாழைக்காய்க்காரர்.

“எங்க தாலுகாவுலயே ஏரி கெடையாதுன்னு ஆயிடும்” என்றது இன்னொரு குரல்.

“அதுல வீடு வாங்குறவன் ஐப்பசியில பரிசல் ஏறித்தான் குடி போவணும்!”

முற்றமே சிரித்தது. ஏகாம்பரத்துக்கு முகம் சுட்டது. அவரும் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவர்தான். எந்தச் சித்திரையில் அதில் தண்ணீரைப் பார்த்தார்?

பையிலிருந்து வரைவை எடுத்தார். கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்ற மூன்று வார்த்தைகளையும், தாள் கிழிந்துவிடும்போல, அழுத்தி அடித்தார். அடித்து முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புறப்படும்போது, வாசலில் டிரைவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: “தங்கமான அம்மா. பாவம், காது மட்டும் கேட்டிருந்தா...”

முற்றத்தின் மறுகோடியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் அம்மை சொன்னார்.

“கேட்டிருந்தா, நீங்க மெதுவாவே சொல்லிட்டுப் போயிருப்பீங்க.”

ஏகாம்பரம் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. உதவியாளர்.

“சார், அந்த மனைக் கம்பெனிக்காரர் மறுபடி வந்திருக்கார். உள் ரூம்ல உக்கார வச்சிருக்கேன்.”

“வெளிக் கூடத்துல உக்கார வை. மனு கொடுக்க வந்த ஜனங்களோட.”

“தனியாப் பேசணும்கிறார் சார்.”

“எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லு.”