ஒரே வீட்டில் மூன்று பொருத்தனை

கிருபாபுரம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. லெந்து எனும் நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஆளுக்கொரு சீட்டில் ஒரு பொருத்தனையை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நாற்பது நாளும் அதைக் காத்தவர்கள் ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து நிற்கலாம். போன வருஷம் எழுந்து நின்றவர்களைப் பார்த்தபோது, உட்கார்ந்திருந்தவர்களே தேவலை என்று எனக்குத் தோன்றியது. அது வேறு கதை.

இந்த வருஷம் ஏசுவடியான் வீட்டிலிருந்து மூன்று சீட்டுகள் விழுந்தன. ஓய்வுபெற்ற தபால்காரரான அவர், “பொய் சொல்ல மாட்டேன்” என்று எழுதினார். அவர் மனைவி சுகிர்தம், “யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டேன்” என்று எழுதினாள். தெருவில் பாதிப் பேர் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஏசுவடியானின் தங்கை ஜெபக்கனி ஓய்வுநாள் பள்ளி டீச்சர். அவள், “கோபப்பட்டுச் சத்தம் போட மாட்டேன்” என்று எழுதினாள். ஐந்தாம் வாரம் வரை மூன்றும் உயிரோடிருந்தன. அந்த வீட்டைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில் மனோவா என்ற வெளியூர்க்காரர் வந்து கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டு எட்வினுக்குத் தம் மகளைக் கொடுக்க யோசிக்கிறார். பையன் வீட்டில் பேசி முடிக்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருந்தார்.

எட்வின் தங்கமான பிள்ளைதான், குடிக்காத நாட்களில். குடித்துவிட்டால் மொட்டைமாடியில் ஏறி ஞானப்பாட்டுகளை ஒரு சரணம் விடாமல் பாடுவான். இப்போதெல்லாம் வாரத்தில் நாலு நாள் பாட்டு.

“எம்பொண்ணு தாயில்லாப் பிள்ளை, அண்ணாச்சி,” என்றார் மனோவா. “ஒங்க வார்த்தையை நம்பித்தான் முடிவு பண்ணணும். பையன் எப்படி?”

ஏசுவடியானுக்கு இரண்டு பக்கமும் இடி. பொய்யும் சொல்லக் கூடாது, எட்வின் வீட்டோடு இருந்த முப்பது வருஷச் சிநேகமும் கெடக் கூடாது.

“நல்லாப் பாடுவான். ஞானப்பாட்டு அத்தனையும் மனப்பாடம்,” என்றார்.

ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. மனோவாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!”

பிறகு சுகிர்தத்திடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மைனி.”

சொல்வதற்கு அவளிடம் ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு இருந்தது. “லெந்து முடியட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் நான் யாரப் பத்தியும் பேசுறதில்ல,” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனோவா உருகிப்போனார். “எவ்வளவு பக்தியான தெரு! ஈஸ்டர் திங்கக்கெழமை நிச்சயத்த வச்சிர வேண்டியதுதான்,” என்று எழுந்தார்.

அடுக்களையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெபக்கனிக்கு வந்ததே கோபம்! கையில் கரண்டியோடு முற்றத்துக்கு வந்து, மதில் அதிரக் கத்தினாள்.

“ஏல எட்வினு! இங்க வால!”

தெருவே எட்டிப் பார்த்தது. சின்ன வயதில் அவளிடம் வசனம் படித்தவன் எட்வின். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தான்.

“இவுக பொண்ணுக்கு அம்மை கெடையாது. ஒன்ன நம்பிக் குடுக்க வந்திருக்காக. ஒன்னப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீயே சொல்லு.”

எட்வின் மனோவாவின் பக்கம் திரும்பினான். “குடிக்கேன் மாமா. விட்டுறணும்னுதான் நெனைக்கேன். முடியல,” என்றான்.

மனோவா அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

ஈஸ்டர் அன்று ஏசுவடியானும் சுகிர்தமும் தலை நிமிர்ந்து எழுந்து நின்றார்கள். ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள்.

இனி உங்கள் முறை. இந்த மூவரில் லெந்தைச் சரியாக அனுசரித்தது யார்?

விடை: ஜெபக்கனிதான், சந்தேகமே வேண்டாம். மற்ற இருவரும் காத்தது தங்கள் சீட்டை. பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்றலாம், புறம் பேசாமலே ஒரு பெண்ணைக் கைவிடலாம் என்று அன்று காட்டிவிட்டார்கள். ஜெபக்கனி தன் பொருத்தனையைப் போட்டு உடைத்தாள். ஆனால் அந்தப் பெண்ணையும் காப்பாற்றினாள், எட்வினின் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தையும் பேசவில்லை, உண்மையைத் தானே சொல்லும் மரியாதையையும் அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். சம்பந்தம் கைவிட்டுப் போன கோபத்தில் எட்வினின் அம்மா இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. எட்வின் மட்டும் தினமும் வந்து அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறான். அவனுக்கு அது வேண்டியிருக்கிறது.