பச்சைப் புள்ளிகள்

செலின் மேடத்திடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்களில் மங்கைதான் வாய் திறக்காதவள். அன்றைக்கு அவளாகவே வந்து நின்றாள்.

"மேடம், ஒரு ஸ்லைடு பார்க்கிறீங்களா?"

"நீயா கூப்பிடுறே? இன்னிக்கு மழைதான்."

ஸ்லைடில் கருப்பை வாய்ச் செல்கள். புற்றுநோய் வார்டில் கிடக்கும் மங்கையின் அக்காவுக்கு அந்த நோயைக் கொடுத்த அதே வைரஸ் அவற்றுக்குள் இருந்தது. வைரஸுக்குச் சிவப்புச் சாயம். அறுந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் புரதங்களுக்குப் பச்சை. ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் பச்சை மொய்த்துக் கிடந்தது.

"வளைச்சுப் பிடிச்சிருச்சு மேடம். உன் உடம்பு விடாம சண்டை போடுதுன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். எத்தனையோ நாளைக்கப்புறம் எழுந்து உட்கார்ந்தா."

மேடம் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார். பழுதுபார்க்கும் புரதங்களை முடக்கும் மருந்து.

"இதைப் போட்டுட்டுப் பாரு."

"காவலை எடுத்துட்டா வைரஸ் பெருகிடுமே?"

"பெருகட்டும்."

வாரக் கடைசியில் பார்த்தாள். பச்சை அடங்கியிருந்தது. சிவப்பும் அடங்கியிருந்தது. மருந்தைக் கலந்ததில் தப்போ என்று மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதேதான்.

மேடத்தின் அறை வாசலில் போய் நின்றாள்.

"அது காவல் இல்லை மேடம். தன்னை நகலெடுக்க வைரஸ் அதுங்களைத்தான் வேலைக்கு வெச்சிருக்கு."

"செல்லோட சொந்த டி.என்.ஏ. அறுந்த இடத்துல?"

"அங்க போனது ரொம்பக் கம்மி. அறுந்தது அறுந்தபடியே கிடக்கு."

"ம்."

"இது துரோகம் இல்லையா மேடம்?"

"அந்தப் புரதங்களுக்கு அறுந்த நுனி தெரியும். யாரோட நுனின்னு தெரியாது."

மங்கை கதவைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வார்டுக்குப் போகவேண்டும்.

"சண்டை எப்படிப் போகுதுன்னு இன்னிக்கும் கேப்பா. நான் என்ன சொல்ல?"

"உன் உடம்பு ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கலைன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உண்மையைத்தான் சொல்லச் சொல்றேன். பொய்யா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."